பிரேம்குமார் கேட்ட பொடி

ராயக்கோட்டைப் பக்கத்து முனிலட்சுமிக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் பதினோரு வருஷம் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் போனது. சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை விரலால் தடவியே பிசிறு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். மெஷின் தவறவிட்டதைக்கூடப் பிடித்திருக்கிறாள். அந்த டேபிளை அவளுக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

அவளைக் கவிழ்த்தது சோறு. காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ். அடுப்புப் பற்றவைக்க நேரமேது? டீயும் பன்னும்தான். பன்னிரண்டரைக்குக் கேன்டீன். அங்கே சோறு எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கலாம். காடு கழனியில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தவளுக்கு, போடுகிற சோற்றை வேண்டாமென்று சொல்ல வாய் வருமா? மூன்று தடவை வாங்கி, பதினைந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு லைனுக்கு ஓடுவாள். இரண்டு மணிக்கெல்லாம் வயிறு கல் மாதிரி ஆகிவிடும். புளித்த ஏப்பம் வரும். கண் தானாகச் சொருகும்.

ஒருநாள் தலை ட்ரேயின்மேல் சாய்ந்தேவிட்டது. லைன் லீடர் பிரேம்குமார் பார்த்தான். உள்ளே போன் கொண்டுபோக உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். பக்கத்தில் வந்து நின்று, நிதானமாக வீடியோ எடுத்து, ‘கம்பெனி செலவில் தூக்கம்’ என்று எழுதி இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மறுநாளே அவளை டேபிளிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து யாரோ குறட்டை விட்டுக் காட்டினார்கள். அடப்பாவிகளா, அவள் கையால் தேர்வான பொருளை விற்றுத்தானே உங்கள் கம்பெனி பிழைக்கிறது!

முனிலட்சுமி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். “இருடா மவனே, என் டேபிள நான் திரும்ப வாங்கறன். உனக்கும் ஒருநாள் வரும், அப்ப நான் பார்க்கறன்” என்று முணுமுணுத்தபடியே பெட்டி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் சரோஜம்மாளிடம் போனாள். பகல் தூக்கத்துக்கு மருந்து கேட்டவளை சரோஜம்மாள் ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

“தூக்கத்துக்கு மருந்தா? காலையில வெறும் வயிறு, மத்தியானம் மூணு வட்டம் சோறு. மெல்லாம வேற முழுங்கறே. அந்த வயிறு இன்னாதான் பண்ணும்? சும்மாதான் கேக்கறன்.”

சுக்கு, மிளகு, சீரகம், ஓமம் நான்கையும் வறுத்துக் கொஞ்சம் இந்துப்பு சேர்த்து இடித்துக் கொடுத்தாள். சாப்பிட்டதும் வெந்நீரில் கால் ஸ்பூன். “பொடி பாதிதான் வேலை செய்யும். மீதி உன் கையில கீது. காலையில கேழ்வரகுக் கூழ் குடிச்சிட்டுப் போ. மத்தியானம் ஒரே வட்டம் சோறு, மோர் ஊத்திக்கோ, மென்னு சாப்டு. ஒரு மாசத்துல தெளியலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போயி சக்கரை, ரத்தம் பாத்துடு.”

முதல் வாரம் கேன்டீன் வாசனை அவளைக் கொன்றது. இரண்டாவது தடவை தட்டை நீட்டப் போன கையை, அந்த வீடியோவை நினைத்து நினைத்து இழுத்துக்கொண்டாள். கோபம் நல்ல பத்தியம் பிடிக்க வைக்கும் போலிருக்கிறது! மூன்றாம் வாரம் ஏப்பம் நின்றது. இரண்டு மணிக்கு அவள் கை பெட்டிகளை மடித்துத் தள்ளிய வேகத்தைப் பார்த்து, மற்ற பெண்களும் பொடி கேட்டு வந்தார்கள். அத்தனை பேருக்கும் பொடியைக் கொடுத்து, பத்தியத்தையும் சேர்த்தே சொன்னாள்.

ஒருநாள் பிரேம்குமாரே வந்து நின்றான். தொப்பையைத் தடவிக்கொண்டான்.

“அக்கா, அந்தப் பொடி கொஞ்சம் குடுங்க. சாப்ட்டா கண்ண இழுக்குது. அடுத்த வாரம் கஸ்டமர் விசிட் வேற, ரெண்டு மணிக்கு மீட்டிங்.”

முனிலட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் இளித்தான். “நான் தூங்கினா நீங்க வீடியோ எடுத்துடுவீங்க போல.”

அவ்வளவுதான். டப்பாவோடு எடுத்துக் கொடுத்தாள். “சாப்ட்டு முடிச்சதும் வெந்நீர்ல போட்டுக் குடி” என்றாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

விசிட் அன்று கஸ்டமருக்காக பிரியாணி. பிரேம்குமார் மூன்று தட்டு வெட்டினான், கையில்தான் மருந்து இருக்கிறதே என்ற தைரியத்தில்! பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்தான். கஸ்டமர் கேள்வி கேட்டபோது பதிலுக்குக் குறட்டை வந்தது. மானேஜர் அங்கேயே எழுந்து நின்றுவிட்டார்.

திங்கட்கிழமை புது லீடர் வந்தாள். பிசிறு பிடிக்க ஆள் சரியில்லை என்று கஸ்டமர் குறை சொல்லிவிட்டுப் போயிருந்ததால், முதல் வேலையாக முனிலட்சுமியை டேபிளுக்குக் கூப்பிட்டாள். பிரேம்குமாருக்குப் பெட்டி மடிக்கிற வேலை. மடித்த பெட்டியைச் சுமந்து டேபிளுக்கு வந்தவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

“அந்தப் பொடி எல்லாருக்கும் கேட்டுதே அக்கா, எனக்கு மட்டும் ஏன் கேக்கல?”

“சோத்தக் குறைக்கணும். பொடி மட்டும் போதாது.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?”

முனிலட்சுமி தடவிக்கொண்டிருந்த இரும்பை ட்ரேயில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் தூங்கினப்ப நீயும்தான் பக்கத்துல நின்ன. தோளத் தொட்டு ‘அக்கா’ன்னு எழுப்பியிருக்கலாம் இல்ல?”