அவருக்கு இரண்டு, அக்காவுக்கு ஒன்று

ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா இடது கையைத்தான் நீட்டுவார். “வலது கை வேணும் தம்பி, களை வெட்டப் போவணும்” என்பார். ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். குழாயில் ஏறும் ரத்தத்தையே பார்த்துவிட்டு, “நல்லா செவப்பாத்தானே இருக்குது, இதுல என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்பார். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு என் பையைக் கட்டுவேன்.

அது எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். இன்று அந்தக் கட்டடம்கூட இல்லை. அக்கா என்று நான் கூப்பிட்டது அங்கே வைத்தியத்துக்கு வந்த ஒரு பெண்ணை; அவர் கணவர் லாரி டிரைவர். ஒரு நாள் தொப்பூர் இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையில் வலுவில்லை என்று தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி இறங்கியவர், பிறகு ஏறவே இல்லை. மாதக்கணக்கில் காய்ச்சல், பேதி. எங்கள் டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். எய்ட்ஸ் கிருமி அவருக்கும் இருந்தது, அக்காவுக்கும் இருந்தது. நான்கு வயது மகளுக்கு இல்லை என்று வந்தது. சென்னையிலிருந்து வந்த காகிதங்களில் நல்ல காகிதம் அது ஒன்றுதான்.

டாக்டரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வராது. அந்த நோயின் பெயரைச் சொன்னாலே நர்சுகள் வாசல்வரை பின்வாங்கிய காலத்தில், டிரைவரின் தோளில் கை வைத்துப் பேசியவர் அவர். ஆனால் முன்கோபி. எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வேகமும் அவருக்கு உண்டு. வெளிநாட்டில் இருந்த அவர் தம்பி, அப்போதுதான் அந்த நோய்க்கென்று வந்திருந்த காப்ஸ்யூலைக் கொஞ்சம் அனுப்பியிருந்தார். வெள்ளை உடம்பில் நீலப் பட்டை போட்ட காப்ஸ்யூல். அது கிருமியை அடக்கும், ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை யார் எழுப்புவது என்பதுதான் டாக்டரின் கேள்வி. குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஒரு மஞ்சள் மாத்திரை அந்தச் சக்தியைக் கிளப்பிவிடும் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதைக் காப்ஸ்யூலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்க அவர் முடிவு செய்தார்.

டிரைவருக்குக் காப்ஸ்யூலும் மஞ்சள் மாத்திரையும். அக்காவுக்குக் காப்ஸ்யூல் மட்டும். “ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணி. இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்?” என்று என்னிடம் சொன்னார். அவர்களிடம் சோதனை என்ற சொல்லையே எடுக்கவில்லை. “மஞ்சள் மாத்திரை சத்து ஏத்தும். அவருக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணும்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. ஆம்பளைக்கு ஒரு பங்கு கூட வைப்பது அவருக்குப் பழகிப்போன கணக்கு.

வாரம் ஒரு முறை நான் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போவேன். ஊர்க்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தோம். எடுத்து வந்த ரத்தத்தில் வெள்ளணுக்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணி டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. எதிர்ப்புச் சக்தியை அளக்க எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

அந்த வீட்டில் சமையல் டிரைவருடையது. அக்கா கூலிக்குப் போக வேண்டியிருந்தது. லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்துப் பழகிய கை என்பதால் களி நன்றாகவே கிண்டுவார். எங்கள் பக்கத்து ராகிக் களியை மென்று தின்னக் கூடாது. மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும். கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். மூன்றாவது வாரம் நான் போனபோது அக்கா கை கழுவப் புறக்கடைக்குப் போயிருந்தார். டிரைவர் ஒரு வாய்க் களியைக் கிள்ளி, அதற்குள் தன் மஞ்சள் மாத்திரையை அழுத்தி, உருட்டி அக்காவின் தட்டில் வைத்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“சொல்லிப்புடாதீங்க பாய்” என்றார் மெதுவாக. “அவளுக்குத் தெரிஞ்சா திங்க மாட்டா. எனக்கே திருப்பிக் குடுத்துடுவா. சத்து ஏத்துற மாத்திரைன்னு டாக்டர் சொன்னாருல்ல? எனக்கு ஏறி என்னாவப்போவுது. புள்ளைக்கு ஆத்தா இருந்தாப் போதும்.” தட்டை அக்கா உட்காரும் பக்கம் நகர்த்திவிட்டு, “சீக்கு நான் குடுத்தது. மருந்தாச்சும் குடுக்கறேன்” என்றார்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா வந்து உட்கார்ந்து, “பாய் தம்பிக்கும் ரெண்டு உருண்ட வைக்கறது” என்று கணவரை அதட்டிவிட்டு, அவர் உருட்டி வைத்த முதல் உருண்டையை அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டி விழுங்கினார். பஸ்ஸில் திரும்பும்போது, இப்படியும் ஒரு மனுஷன் இருக்கிறானே என்று நினைத்து நினைத்து உருகினேன். நான் எண்ணும் எண்ணிக்கைக்கு இனி அர்த்தமே இல்லை என்பது அந்த உருக்கத்தில் உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் அது என் தொழில்.

ஆறாவது வாரம் அக்காவின் வெள்ளணுக்கள் பாதியாய்க் குறைந்திருந்தன. டிரைவருடையது அப்படியே இருந்தது. நம்பாமல் இரண்டு முறை எண்ணினேன். காகிதத்தைப் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “பாத்தியா? மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவன் நிக்கிறான், சாப்பிடாதவ இறங்குறா!” அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நொடியே முகம் மாறியது. “பாவம், அந்தப் பொண்ணை இனியும் இப்படி விட்டு வைக்கிறது பாவம். அவளுக்கும் இன்னைக்கே கொடுத்தனுப்பு” என்றார்.

உண்மை என் வாய்வரை வந்தது. சாப்பிட்டவர் அக்கா, நிற்பவர் சாப்பிடாதவர் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மூன்று வாரமாய் ஏன் மறைத்தாய் என்று கேட்பார், வேலை போகும் என்று பயந்தேன். டிரைவருக்குக் கொடுத்த வாக்கை அந்தப் பயத்துக்கு முட்டுக் கொடுத்தேன். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். “இப்ப உனக்கும் ரெண்டு” என்று அக்காவிடம் கொடுத்தேன். டிரைவர் சிரித்தார். தன் பங்கைக் களியில் வைத்துக் கொடுப்பதை இனி அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டு உறுதி செய்யவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. கூடக் கொடுத்தால் கூடச் சத்து என்பது அவர் எண்ணம்.

அடுத்த முறை நான் போவதற்குள் அக்காவுக்கு வாயெல்லாம் புண். தொண்டை ரணமாகிக் காய்ச்சல் கொதித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது வெள்ளணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றுதான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அலமாரியில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அந்த மஞ்சள் மாத்திரை சிலருக்கு வெள்ளணுக்களையே அழித்துவிடும் என்று அதிலேயே இருந்தது. காப்ஸ்யூலுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. புத்தகத்தைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு அக்கா படுத்திருந்த அறைக்கு நடந்தார். நான்காம் நாள் அக்கா இறந்துபோனார். நோயே கொண்டுபோயிருக்கலாம் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மனம் அதை ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று இந்த நோய்க்கு அரசு மருத்துவமனையிலேயே மருந்து கிடைக்கிறது. தெரிந்த ஒருவருக்குத் துணையாகப் போனபோது, அங்கே ஆலோசனை சொல்லும் ஒரு பெண் கணவன் மனைவி இருவரையும் எதிரில் உட்காரவைத்து, “அவங்கவங்க மாத்திரையை அவங்கவங்கதான் சாப்பிடறீங்களா? மாத்திக்கலியே?” என்று கேட்டதைப் பார்த்தேன். கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று, அக்காவின் காரியம் முடிந்த மறுவாரம், டிரைவர் மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் உள்ளே இருந்தார், அவரைப் பார்க்க வேண்டாம் என்று டிரைவரே சொல்லிவிட்டார். என்னிடம்தான் வந்தார். மகள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மஞ்சள் மாத்திரைகள். அக்கா விழுங்க முடியாமல் போன கடைசி நாட்களில் மிஞ்சியவை.

“வேற யாராச்சும் பொம்பளைங்களுக்குக் குடுங்க பாய்” என்றார். “நல்ல மாத்திரைங்க. அவள அத்தன நாள் நிக்க வெச்சது இதுதான். மொத வாரத்துலேர்ந்தே குடுத்துட்டேன், அந்த வரைக்கும் ஒரு நிம்மதி எனக்கு.”

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். “ஆமாங்கண்ணே, நல்ல மாத்திரைதான்” என்றேன்.