லேமினேஷன் போட்ட உத்தரவு

வேலூரில் அந்த விற்பனை வரி அப்பீல் ஆபீஸை இன்று நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரே மாதத்தில் நான்கு முறை ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி அங்கே போனேன்.

அப்போது நான் ஷூ கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை மூட்டையாக வாங்கி பர்ஸும் பெல்ட்டும் தைத்து விற்றுக்கொண்டிருந்தேன். தோல் சீவும் மெஷின் ஒன்று, அதை ஓட்ட ஓர் அக்கா, நான். கம்பெனி என்றால் அவ்வளவுதான். எங்கள் வரி அதிகாரி அந்தத் துண்டுகளை முழுத் தோல் என்று எழுதி, அதற்குண்டான வரியைப் போட்டு உத்தரவு அனுப்பிவிட்டார். உத்தரவு கைக்கு வந்து முப்பது நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். தவறினால் மெஷினை ஜப்தி செய்வார்கள். ஆடிட்டர் கேட்ட ஃபீஸ் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. "நீயே போட்டுக்கலாம்பா, சட்டத்துல எடம் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவன். சுவரில் ஒட்டியிருந்த விதிகள் இங்கிலீஷில் இருந்தன. மனு வாங்கும் கிளார்க்கிடம்தான் கேட்க வேண்டும். அவரோ ஒரு தடவைக்கு ஒரு குறைதான் சொல்வார். முதல் நாள், "ரெண்டு செட் வேணும், போ." இரண்டு செட்டோடு போனால், "பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து எங்க?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"நீ கேட்டியா?"

என் தாள்களைக் கையால் தொடமாட்டார். பேனா முனையால் தள்ளித் தள்ளிப் புரட்டுவார். எனக்குப் பின்னால் வந்த ஆடிட்டர் ஆபீஸ் ஆளின் பத்து ஃபைல்களைத் திறந்துகூடப் பார்க்காமல் சீல் வைத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு பயணத்திலும் இரண்டு நாள் வேலை போனதுதான் மிச்சம்.

மூன்றாவது முறை போனபோது கெடுவுக்கு நான்கு நாள் பாக்கி. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. உத்தரவு வந்த நாளிலிருந்து அதை ஒரு நாளைக்குப் பத்து முறை எடுத்துப் பிரித்துப் பார்த்ததில், மடிப்பில் தாள் விட்டுப்போயிருந்தது. பட்டறையில் தண்ணீர், சாயம், பசை வேறு. பயந்துபோய் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிட்டேன்.

"இது இன்னாய்யா, ரேஷன் கார்டா?"

"பத்திரமா இருக்கட்டும்னு போட்டேன் சார்."

"ஒரிஜினல் உத்தரவு மேலதான் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டணும். பிளாஸ்டிக் மேல எங்க ஒட்றது, உன் நெத்தியிலயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆபீஸில் எனக்கு மிகவும் அருவருப்பானது என்னுடைய அந்தச் சிரிப்புதான்.

"உத்தரவு போட்ட ஆபீஸ்ல சர்டிஃபைட் காப்பி வாங்கினு வா. பத்து நாள் ஆவும்."

"நாலு நாள்தான் சார் இருக்கு."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

பட்டறைக்குத் திரும்பினேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு உத்தரவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் எழுத்து இல்லாத வெறும் தாள்தான தம்பி? அங்க பிளாஸ்டிக்க தீப்பெட்டி அளவுக்குச் சீவி வுட்டா ஸ்டாம்பு ஒட்டிக்காதா?"

"கிழிஞ்சிட்டா யக்கா?"

"கிழிஞ்சா மெஷினும் போய்டும், என் வேலையும் போய்டும். தெரியாதா எனக்கு?"

நான் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, முதலில் சீவிப் பழக மூன்று வெற்றுத் தாளுக்கு லேமினேஷன் போட்டு வந்தேன். தோல் ஓரத்தை மெலிசாக்கும் கைக்கத்தியைத் தீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதில் ஓட்டை விழுந்தது. மூன்றாவதில் பிளாஸ்டிக் சுருளாக எழும்பி வந்தது. பிறகு ஒரிஜினலைக் கையில் எடுத்தாள்.

"நீ வெளிய போய் நில்லு. நீ மூச்சு வுட்ற சத்தத்துல என் கை ஆடுது."

போய் நின்றேன். கூப்பிட்டதும் உள்ளே வந்தேன். பின்பக்க மூலையில் பிளாஸ்டிக் போன ஒரு சதுரம், வெங்காயத் தோல் மாதிரி மெலிசாக. முன்பக்கத்தில் ஓர் எழுத்தும் போகவில்லை.

மறுநாளே வேலூர் போனேன். கிளார்க் முதல் முறையாக என் தாளைக் கையில் எடுத்தார். அந்தச் சதுரத்தைத் தடவிப் பார்த்தார்.

"எதுல எடுத்த?"

"தோல் சீவுற கத்தில சார்."

மூக்கருகே கொண்டுபோனார். "அதான் நாறுது."

ஸ்டாம்பை ஒட்டி சீல் வைத்தார். சீலில் பாதி தாளில் பிடித்தது, மீதி பிளாஸ்டிக்கில் ஈஷிக்கொண்டது. ரிஜிஸ்டரில் எழுதி, நம்பர் போட்ட ரசீதைக் கிழித்துக் கொடுத்தபோது சாவகாசமாகச் சொன்னார்: "காப்பிக்கு மனு போட்டிருந்தா, அது வர்ற வரைக்கும் ஆன நாளை முப்பது நாள் கணக்குல சேக்க மாட்டோம். இவ்ளோ பேஜாரே தேவையில்ல உனக்கு."

முந்தின நாள் இதே வாய்தான் "அதுக்கு நான் இன்னா பண்றது" என்றது. ஆனாலும் என் கை இரண்டும் தானாகக் குவிந்தன. "ரொம்ப நன்றிங்க சார்" என்றேன்.

பட்டறை வாசலில் மெஷின் சத்தம் கேட்டது. அக்கா தலை நிமிராமல், "எடுத்துக்கினாங்களா?" என்றாள். ரசீதைக் காட்டினேன். "ஸ்டாம்பு ஒட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்று சிரித்துவிட்டு அடுத்த துண்டை மெஷினில் விட்டாள். காப்பி விஷயத்தை அவளிடம் நான் சொல்லவே இல்லை.