சோளமாவுப் பனி

என் மகள் அம்மா என்று கூப்பிடுவது என் அக்காவை. பெற்றவளை மம்மி என்பாள். யாரும் சொல்லித்தந்ததல்ல. கையில் வைத்திருந்தவரை அம்மா என்றாள், வாரக் கடைசியில் வந்துபோனவளுக்கு மிச்சமிருந்த சொல்லைக் கொடுத்தாள்.

பல் முளைக்கும் முன்பே அவளைப் பெக்கோக் பக்கத்தில், நானும் அக்காவும் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், அக்காவிடம் விட்டோம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் மனைவிக்கும் வேலை சிங்கப்பூரில். இருட்டோடு மோட்டார் சைக்கிளில் ஏறி எல்லைப் பாலத்தைக் கடந்தால், திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மலேசியப் பக்கம், ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடியில் இது புதுக் கதையும் இல்லை. படித்தால் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கலாம் என்று தோட்டத்தில் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். படித்தேன், வேலை கிடைத்தது. குடும்பம்தான் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறது.

அவளுக்கு ஐந்து வயது. புது வருஷத்தில் பாலர் பள்ளி. இந்தத் தடவையாவது எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருந்தாள். அக்கா மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

“லீவுக்குக் கூட்டிட்டுப் போ தம்பி. புது வருஷம் வரைக்கும் அழுவாம இருந்தாள்னா அங்கயே சேர்த்துரு. அழுதாள்னா நான் வந்து கூட்டிட்டு வந்துருவேன்.”

காரில் திரும்பும்போது, மகள் பின்னால் தூங்கிய பிறகு, “என் பிள்ளைய வச்சுக்க எனக்கே டெஸ்ட்டா?” என்றாள் மனைவி. எனக்கு அக்கா கேட்டதில் தப்பு தெரியவில்லை. இருவரும் வருஷ லீவை மொத்தமாக எடுத்திருந்தோம்.

பரீட்சை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உட்கார்ந்து படிப்பது. சிறு பிள்ளையோடு வீட்டில் விடுமுறையைக் கழிப்பது எப்படி என்று இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. பனியில் விளையாடுங்கள், போர்வைக் கூடாரம் கட்டுங்கள், சூடாகக் குடிக்கக் கொடுங்கள். இங்கே வெளியில் ஓயாத மழை. எப்படியும் வீட்டுக்குள்தான். பனி என்ற ஒன்றை மட்டும் அக்காவால் தர முடியாது என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

காகிதத்தை மடித்து வெட்டிப் பனிப்பூ செய்து ஜன்னல் முழுக்க ஒட்டினோம். சாப்பாட்டு மேசைமேல் போர்வையைப் போர்த்திக் குகையாக்கினோம். குளிர வேண்டுமென்று காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, மூன்று பேரும் உள்ளே முடங்கிச் சூடாக மைலோ குடித்தோம். அவள் தானாக நகர்ந்து மனைவியின் மடியில் உட்கார்ந்தாள். மனைவி அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கலைந்துவிடுமோ என்று இருவரும் அசையவில்லை.

விடியற்காலைகள்தான் சரியாக அமையவில்லை. வருஷம் முழுக்கத் தூங்காத தூக்கத்தை நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். அவள் இருட்டிலேயே எழுந்துவிடுவாள். முதல் நாள் துண்டை எடுத்து வந்து மனைவியின் தோளைத் தட்டினாள்.

“மம்மி, குளிக்கலையா? கோயிலுக்கு நேரமாச்சு.”

மார்கழி மாதம். எங்கள் இருவருக்கும் அது நினைவிலேயே இல்லை. அக்கா மார்கழி முழுக்க அவளை விடியலில் எழுப்பி, பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்து, வாசலில் கோலம் போட்டுவிட்டுத் தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போவார். பஜனை முடிந்து சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல். இந்த ஊரில் குளிர் என்று ஒன்று இருந்தால் அந்தப் பச்சைத் தண்ணீர்தான். அதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். மனைவி பாதித் தூக்கத்தில் கைப்பேசியைக் கொடுத்துப் படுக்கச் சொன்னாள். மகள் அழவில்லை. மறுநாளும் எழுந்தாள், அழவில்லை. அழவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன்.

கிறிஸ்மஸ் கழிந்த ஒரு மதியம் பனி செய்தேன். சோளமாவில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரை ஊற்றிப் பிசைந்து குளிர்பெட்டியில் வைத்தால், தொட்டால் சில்லென்று, பிடித்தால் உருண்டையாக வரும். அசல் பனியை நான் பார்த்ததில்லை, இதுதான் பனி என்றேன். அவள் முதல் உருண்டையை என்மேல் எறிந்தாள். கண்ணாடியில் பட்டு அப்பிக்கொண்டது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிராம்பைக் கண்ணாக வைத்து ஒரு பனி மனிதன் செய்தோம். மிச்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் பத்திரமாக வைக்கச் சொன்னாள் மகள். நாளைக்கும் வேண்டுமாம். நாளை என்று அவள் சொன்னதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் நான் கண்விழித்தபோது வாசற்கதவு திறந்திருந்தது. கம்பிக்கதவுக்கு வெளியே, நடைவழியில், ஈரத்தலையோடு குந்தியிருந்தாள். தரையில் தண்ணீர் தெளித்திருந்தாள். பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பா. பனியைக் கிள்ளி எடுத்து விரலிடுக்கில் விட்டுக் கோடு இழுக்கப் பார்த்தாள். அது கட்டி கட்டியாக விழுந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டு மறுபடியும் போட்டாள்.

“டாடி, இந்த மாவு ஓட மாட்டேங்குது.”

இது கோலமாவு இல்லை, பனி, விளையாடத்தான் என்றேன். உங்களுக்குப் போடத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. அதற்குள் மனைவியும் எழுந்து வந்தாள். அவள் டவுனில் அடுக்குமாடியிலேயே வளர்ந்தவள். ஆனாலும் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி எடுத்து, பூப்போல எதையோ வரைந்தாள். மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“பரவால்ல மம்மி. நல்லாத்தான் இருக்கு.”

விருந்தாளிகளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நான் இங்க பள்ளிக்கூடம் போனா, காலைல யார் இருப்பா?”

கீழ்வீட்டு ஆண்ட்டி நல்லவர், நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது உன்னை அவரிடம் விட்டுவிட்டுப் போவோம், அவரே பள்ளியிலும் விடுவார் என்று விளக்கினேன். எல்லாம் பேசி வைத்திருந்தோம்.

“இந்த நேரத்துலயா போவீங்க?”

“இதுக்கும் முன்னாடிம்மா.”

“அந்த ஆண்ட்டி கோலம் போடுவாங்களா?”

தெரியவில்லை என்றேன். அவள் யோசித்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா, நான் ஏன் இங்க இருக்கணும்?”

கோபமாகக் கேட்கவில்லை. காற்றாடி ஏன் சுற்றுகிறது என்று கேட்பாளே, அந்தக் குரல்தான். நான் மூடியைத் தேடி எடுத்து டப்பாவை மூடினேன். மனைவி உள்ளே போனாள். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது.

புது வருஷம் வரைக்கும் அவள் அழவே இல்லை. காகிதம் வெட்டினாள், குகைக்குள் சிரித்தாள். பனி மட்டும் மறுபடி கேட்கவில்லை. சொன்ன நாளில் அக்கா மாமாவோடு காரில் வந்தார். புதுச் சீருடை வாங்கி வந்திருந்தார், இங்கேயே சேர்ப்பதற்காக. செருப்பைக் கூடக் கழற்றாமல், “அழுதாளா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் மனைவி சொன்னாள்.

“இல்ல அண்ணி. ஒரு நாள்கூட அழல. நீங்க கூட்டிட்டுப் போயிருங்க.”

அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலில் ஒட்டியிருந்த பனிப்பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நீங்களும் அங்க வந்துருங்களேன் தம்பி” என்றார் கடைசியில். அங்கே வந்து என்ன வேலை செய்வது என்று கேட்டேன். அந்தத் தோட்டத்தை விட்டுப் போவதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். மனைவி மகளின் துணிகளைத் தானே மடித்துப் பையில் வைத்தாள், சீருடையை மேலாக.

விடுமுறை முடிந்த முதல் நாள், இருட்டில் மோட்டார் சாவியோடு கதவைத் திறந்தேன். வாசலில் அந்த மாவு காய்ந்து, தரை ஓடுகளின் இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மனைவி அதை மிதிக்காமல் தாண்டிப் போனாள். எனக்கு நேரமாகிவிட்டிருந்தது. மிதித்துக்கொண்டேதான் போனேன்.