கடைசித் தண்ணிக்கு ஒரு தேதி

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குக் காலண்டர்கள் வந்து குவியும். உரக்கடையில் ஒன்று, நகைக்கடையில் ஒன்று, மளிகைக்கடையில் ஒன்று. தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் சமையலறை வாசலில் தொங்கும். அது முழுக்க என் மனைவியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கிருத்திகை, பிரதோஷம், ராகுகாலம் எல்லாம் அதில்தான் பார்ப்பாள். கூடத்தில் மாதக் காலண்டர். பால்காரர் வராத நாளுக்கு அதில் பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு வட்டம். டைரி மட்டும் எனக்கு. அதில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

நான் கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தபோது என் மேஜை டைரியைப் பார்த்துத்தான் அதிகாரியே தன் நாள் எப்படிப் போகப்போகிறது என்று தெரிந்துகொள்வார். ஒரு தேதியை நான் தவறவிட்டதாக யாரும் சொன்னதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இப்போது எனக்கு மிஞ்சியிருக்கிற பெருமைகள் அதிகம் இல்லை.

தினசரிக் காலண்டரில் எனக்கு எப்போதும் மனத்தாங்கல் உண்டு. அடுத்த வாரத்தைப் பார்க்கவேண்டுமென்றால் தாள்களைக் கட்டாகத் தூக்கிப் பிடிக்கவேண்டும். அதில் ஒரு விஷயத்தை எழுதிவைத்தால், அந்த நாள் முடிந்த மறுநிமிடம் கிழிபட்டுத் தோசைக்கல் துடைக்கப் போய்விடும். டைரியில் அந்தக் குறை கிடையாது. ஆனால் டைரி வயலுக்கு வராது. சேற்றுக்கையோடு பக்கம் புரட்டமுடியாது. சட்டைப்பையில் வைத்தால் வியர்வையில் நனைந்து மை ஊறிவிடும். இது எனக்கு ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் ஓய்வு பெற்ற பிறகுதான் நான் வயலில் இறங்கினேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். வெகுகாலம் கழித்துத்தான் அவர் பெயருக்கு ஒரு பட்டா வந்தது. அந்த நிலத்தை நடுவில் வரப்புப் போட்டு எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். மேல் பங்கு தம்பிக்கு, கீழ் பங்கு எனக்கு. நான் உத்தியோகத்தில் இருந்தவரை இரண்டையும் தம்பிதான் பயிர் செய்தான். ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே அவனிடம் சொல்லிவைத்து, ஓய்வு பெற்றதும் என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. "ஒங்க நெலம், நீங்க செய்யறீங்க, இதுல என்ன இருக்கு" என்றான். நாற்றங்கால் போட, மருந்து கலக்க, எல்லாம் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். டீக்கடையில் என்னை ஆபீஸ் விவசாயி என்று கேலி செய்தபோது எனக்காகப் பரிந்து பேசியவனும் அவன்தான்.

வாய்க்கால் அவன் வயலைத் தாண்டித்தான் என் வயலுக்கு வரும். அதனால் அப்பா ஒரு முறை வைத்திருந்தார். ஆற்றில் தண்ணீர் தாராளமாக ஓடும்போது யார் வேண்டுமானாலும் மடை திறந்துகொள்ளலாம். அறுப்புக்கு முந்தைய கடைசித் தண்ணி மட்டும் கீழ் வயலுக்குத்தான் முதலில். கீழ் வயல் குடித்து முடிக்கும்வரை மேல் வயல்காரன் தன் மடையை அடைத்து வைத்திருக்கவேண்டும். கடைசித் தண்ணி எந்த நேரத்தில் நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. மேலே இருப்பவன் முதலில் பிடித்துக்கொண்டால் கீழே இருப்பவனுக்கு ஈரமண்தான் மிச்சம். எங்கள் வாய்க்காலில் அண்ணன் தம்பியாகப் பிரித்துக்கொண்ட எல்லா வயல்களிலும் இதே வழக்கம்தான்.

முதல் வருஷம் என் பயிரைக் களை தின்றுவிட்டது. இரண்டாம் வருஷம் சம்பா நன்றாக நின்றது. என் கண்ணே பட்டுவிடும் என்று பயந்தேன். தண்ணீர் பிந்தி வந்ததால் நடவும் பிந்திவிட்டது. பொங்கல் கழிந்தும் கதிரில் பால் பிடிக்கிற தருணமாகத்தான் இருந்தது. தம்பி வயலும் அதே நிலைதான். அந்தச் சமயத்தில் ஒரு தண்ணி விட்டால் போதும், மணி திரண்டுவிடும். அந்த ஒரு தண்ணி தவறினால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பதர்தான். ஆற்றை அடைக்கப்போகிறார்கள், எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த வாரம் கடைசியாக ஒரு முறை விடுவார்கள் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை வரும், வியாழன் வரை ஓடலாம் என்றார்கள்.

தம்பியும் நானும் வரப்பில் நின்று பேசிக்கொண்டோம். திங்கள், செவ்வாய் எனக்கு. புதன், வியாழன் அவனுக்கு. நான் டைரியில் குறிப்பதற்காக வீட்டுக்குப் புறப்பட்டேன். அவன்தான் நிறுத்தினான்.

"இன்னும் என்னண்ணே டைரி? போன குடுங்க. ஒங்களுக்கும் எனக்கும் ஒரே காலண்டரா போட்டுத் தரேன். நான் போட்டா ஒங்களுக்குத் தெரியும், நீங்க போட்டா எனக்குத் தெரியும்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. அதை மறைப்பானேன். அவன் நாட்களுக்குப் பச்சை, என் நாட்களுக்கு நீலம். உரம் வைக்கிற நாள், மருந்து அடிக்கிற நாள், தண்ணி முறை எல்லாம் உள்ளங்கையில். முந்தின நாளே மணியடித்துச் சொல்லும் என்றான். அப்படியும் பழக்க தோஷத்தில், டைரியிலும் ஒரு வரி எழுதிவைக்கிறேனே என்றேன்.

"ரெண்டு எடத்துல எழுதினா எது சரின்னு சண்டைதான் வரும்ணே. ஒரே எடத்துல இருக்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. அலுவலகத்தில் நானே பலருக்குச் சொன்ன புத்திமதி அது. உரக்கடைக்காரர் கொடுத்த புது டைரியை அலமாரியில் வைத்து மூடினேன். வருஷம் பிறந்து மூன்று வாரம்கூட அதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணியடிக்கவில்லை. போனைத் திறந்து பார்த்தால் திங்களும் செவ்வாயும் பச்சையாக இருந்தன. புதனும் வியாழனும் நீலம். எனக்குத் திங்கள் என்றுதான் ஞாபகம். ஆனால் ஓய்வு பெற்றதிலிருந்து என் ஞாபகத்துக்கு வீட்டில் மதிப்பில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். மனைவியிடம் கேட்டேன்.

"என்னைய ஏங்க கேக்கறீங்க? போன்ல அப்படி இருந்தா அப்படித்தான். நீங்க நெனச்சதுதான் தப்பா இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. போன் ஒன்று சொல்கிறது, கிழவன் ஒன்று சொல்கிறான் என்றால் யாரை நம்புவது? நானே போனைத்தான் நம்பினேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவனும் சிரிப்பான் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சும்மா இருப்பானேன் என்று, பழுது பார்க்கக் கொடுத்திருந்த மருந்தடிக்கிற பம்ப்பை வாங்கிவர கும்பகோணத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். எங்கள் வயலை ஒட்டித்தான் ரோடு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பி வரப்பில் நின்றுகொண்டிருந்தான். மடை திறந்திருந்தது. மண்ணைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் அவன் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மேல் வயலுக்கு எப்படி முதலில் என்று ஒரு கணம் தோன்றியது. தண்ணீர் நிறைய வருகிறது போலிருக்கிறது, அதனால்தான் பாய்ச்சுகிறான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் பயிர் குடிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னலிலிருந்து கையைக்கூட ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், பதிலுக்குக் கையை உயர்த்தினான்.

அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது. வேறு எதை மன்னித்தாலும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதன்கிழமை விடியும்போதே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்காலில் தண்ணீர் இறங்கியிருந்தது. கணுக்கால் நனையவில்லை. மேலே எங்கோ அடைத்துவிட்டார்களாம், செவ்வாய் சாயங்காலமே வரத்து குறைந்துவிட்டதாம். என் மடையைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்தேன். மடை வாய்க்குள் கொஞ்சம் கலங்கல் நீர் வந்து, வரப்போரத்து வெடிப்பில் இறங்கிப் போய்விட்டது. வயலுக்கு நடுவே போகவே இல்லை. மத்தியானம்வரை இருந்தேன். தம்பி வயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது.

எனக்கு முதலில் வந்த கோபம் போன் மேல்தான். இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாளை மாற்றிவிட்டதே பாவி போன், இதை நம்பி இத்தனை காலமாக எழுதிவந்த டைரியை விட்டேனே என்று வாய்விட்டே திட்டினேன். அத்தோடு நிற்கவில்லை. தம்பியும் இதை நம்பி ஏமாந்துவிடப் போகிறானே, அவனை எச்சரிக்கவேண்டும் என்று நேரே அவன் வீட்டுக்குப் போனேன். சேறு காயாத காலோடு போனேன்.

அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தக் காலண்டர நம்பாத. நம்ம தேதிய மாத்திப் போட்டுருக்கு. எனக்குத் திங்கள்னு பேசினோம்ல, அது புதன்னு காட்டுது" என்றேன்.

அவன் துண்டில் கையைத் துடைத்தான். என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

"போன் மாத்தலண்ணே. நான்தான் மாத்தினேன்."



"எதுக்குடா?"

"தண்ணி கம்மியாதான் வரும்னு சனிக்கெழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மதகு தெறக்கிற லஸ்கர் சொன்னாரு. ஒரு வயலுக்குத்தான் பத்தும். ஒங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு இது ஒண்ணுதான்ணே."

"கேட்டுருக்கலாமேடா. கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? பாதிப் பாதியாவது விட்டுருக்கலாமே."

"பாதித் தண்ணியில ரெண்டும் பதராப் போயிருக்கும். கேட்டா நீங்க அப்பா வச்ச மொறைய சொல்வீங்க. அதான் கேக்கல."

பொய் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெரியாமல் விரல் பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பவேண்டும் என்றுதானே அங்கே போனேன். அவன் குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கொதித்துப்போவாள் என்று நினைத்தேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "செஞ்சது தப்புதாங்க. சொல்லிட்டு செஞ்சிருக்கணும்" என்றாள். பிறகு, "ஆனா அவருக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். டீக்கடையிலும் அதுதான் பேச்சு. தம்பி செய்த காரியத்தை யாரும் சரி என்று சொல்லவில்லை. ஆனால், "ஒங்களுக்கு என்ன சார், ஒரு போகம் போனா குடியா முழுகிடும்?" என்றார்கள். சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் சார் என்றார்கள். இரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் அந்தச் சேற்றில் நின்றவன் நான். சேற்றில் ஊறிப் பாதம் வெடித்திருக்கிறது. அதெல்லாம் கணக்கில் சேரவில்லை. என் பயிர் செத்தாலும் எனக்கு வலிக்காது என்று ஊரே முடிவு கட்டியிருக்கிறது. தம்பி அந்த ஊரில் ஒருவன்.

இப்போது எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், பழையபடி டைரிக்கு வந்துவிட்டீர்களா என்று. வந்துவிட்டேன். கோபத்தில் அந்தப் பகிர்ந்த காலண்டரை அழிக்கச் சொல்லி, போன் கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன். ஆனால் காகிதம் நேர்மையானது, போன் மோசமானது என்று நான் பிரசங்கம் செய்யமாட்டேன். தேதியைக் கல்லில் வெட்டிவைத்திருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை தம்பிதான் மடைக்குப் பக்கத்தில் நின்றிருப்பான். என்னை இன்றுவரை அரிப்பது வேறு. வரப்பில் நின்று, இரண்டு இடத்தில் எழுதவேண்டாம் என்று சொன்னானே, அன்றைக்கே மனதில் வைத்துத்தான் சொன்னானா? அல்லது சனிக்கிழமைதான் மாறினானா? சனிக்கிழமை என்றால் அதுவரை எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்றாவது வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாசியில் அறுவடை இயந்திரம் வந்தது. மேல் வயலில் இறங்கியது. நான் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. தம்பியின் நெல் திரட்சியாக, மஞ்சளாகக் கொட்டியது. பக்கத்தில் என் பயிர் நேராக, விறைப்பாக நின்றது. தெரியாதவர்கள் பார்த்தால் என்னுடையதுதான் நல்ல விளைச்சல் என்பார்கள். கனம் இருந்தால்தானே கதிர் சாயும்.

இயந்திரம் நடு வரப்பு வரை வந்து நின்றது. டிரைவர் வெளியூர்க்காரர். தலையை நீட்டி, கீழ் வயலைக் காட்டி, "இதுலயும் எறங்கிடவா?" என்று கேட்டார்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியும். மேடு எங்கே பள்ளம் எங்கே என்று வழி சொல்கிற அதே குரலில் அவரிடம் சொன்னான்.

"அது எங்க அண்ணன் வயலு. அதுல ஒண்ணும் இல்ல, திருப்பிக்குங்க."