உமரி தின்ற மந்தை

எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரம் வளர்ந்து கிடக்கும் உமரிச் செடியை ஆண்டவன் என் மாடுகளுக்காகவே படைத்திருக்கிறான் என்று நான் நம்பினேன். ஊரில் இத்தனை பேர் மாடு வைத்திருக்கிறார்களே, அவர்கள் யார் கண்ணுக்கும் படாதது என் கண்ணுக்கு மட்டும் எப்படிப் பட்டது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. என் கண் அவ்வளவு கூர்மை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. போகும்போது மழையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று ராயபுரத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தொழில் கறி மாடு. வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சந்தைகளில் உழவுக்கு ஆகாத மாடுகளை வாங்குவேன். திருவொற்றியூரைத் தாண்டி நானும் என் வீட்டுக்காரியும் போட்டிருந்த பட்டியில் கட்டித் தீனி வைத்து, உடம்பில் கொஞ்சம் கறி ஏறியதும் புளியந்தோப்பில் மாடறுக்கும் தொட்டிக்கு ஓட்டிப் போவேன். அங்கே எங்கள் மாட்டை எடுப்பவர் ஒரே ஒரு பாய். முன்னதாகப் பட்டிக்கே வந்து, ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். ஒன்று சீக்காக இருந்தாலும் மொத்த மந்தையும் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார். அவர் வேண்டாம் என்றால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்த வறட்சியில் கிராமத்தில் யாராலும் மாட்டுக்குத் தீனி போட முடியவில்லை. சந்தைக்கு வந்த மாடுகளைப் பார்த்து நாங்கள் அளவுக்கு மீறி வாங்கிவிட்டோம். வாங்கியது நான்தான். ‘நாங்கள்’ என்று எழுதியதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால் சண்டைக்கு வருவாள்.

ஓட்டி வந்த பிறகுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. கிராமத்துக்காரனிடம் இல்லாத வைக்கோல் என்னிடம் மட்டும் எப்படி இருக்கும்? வைக்கோல் வண்டி வரும் தடத்தில் புழுதிதான் வந்தது. மாடுகளின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. என் துண்டை எங்கே மாட்டுவது என்று நான் ஆணி தேட வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரியின் தம்பி பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் இஞ்சின்களுக்குத் தண்ணீர் விடும் வேலையில் இருந்தான். மந்தையைப் பார்த்துவிட்டு அவன் ஒரு வழி சொன்னான்.

“கொடுங்கையூராண்ட சாக்கடைத் தண்ணி பாய்ச்சிப் புல்லு வளக்குறாங்க மாமா. அந்தப் புல்லு பச்சையா கீது. சொல்லு, வண்டில ஏத்தி அனுப்புறேன்.”

“கலீஜ் புல்லைத் துன்ன மாட்டை எவன்டா துன்னுவான்?” என்றேன்.

“எருப் போட்ட கத்திரிக்காயைத் துன்றியே, அப்ப இன்னா சொல்ற?” என்றாள் என் வீட்டுக்காரி. எனக்குக் காது கேட்கவில்லை. வேண்டாத நேரத்தில் அது அப்படித்தான்.

அடுத்த நாள் வேறு ஏதாவது தீனி கிடைக்குமா என்று தேடிக்கொண்டு காத்திவாக்கம் பக்கம் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, கழிமுகத்துச் சேற்றில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையும் சிவப்புமாகக் குழைகுழையாக உமரி. உடனே மந்தையை ஓட்டி வந்துவிட்டேன். மாடுகள் முதலில் மோந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டன. பிறகு பசி ஜெயித்தது. வீட்டுக்காரி ஒரு குழையைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினாள்.

“உப்புக் கரிக்குதுய்யா.”

“உப்பு உடம்புக்கு நல்லதும்மே.”

மச்சானைப் பார்த்தபோது, “உன் சாக்கடைப் புல்லு எப்டி கீது, சுகமா?” என்று வேறு கேட்டு வைத்தேன். பிற்பாடு அவன் அதற்கு வட்டி போட்டு வாங்கிக்கொண்டான்.

நாலைந்து நாள் போனது. மாடுகள் தொட்டித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு வெறும் தொட்டியை நக்கின. பிறகு தண்ணீராகக் கழிய ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் எல்லாமே. கண் உள்ளே போய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. எனக்கு ஒரே ஒரு சொல்தான் தோன்றியது: வெக்கை. மாட்டுக்காரன் வாயால் சொல்லவே பயப்படும் வியாதி. ஒரு மாட்டில் நுழைந்தால் பட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் வெளியே போகும். வியாழக்கிழமை வந்து பார்ப்பதாக பாய் சொல்லி அனுப்பியதும் அன்றைக்குத்தான்.

“மாட்டு டாக்டராண்ட போலாம்யா,” என்றாள் அவள்.

“போனா அவரு பட்டிக்கே பூட்டு போட்டுடுவாரு.”

ஆகவே வைத்தியத்தை நானே பார்த்தேன். வேப்பிலையைக் குவித்துக் கொளுத்திப் பட்டி முழுக்கப் புகை போட்டேன். மாடு இருமியதோ இல்லையோ, நான் இருமினேன். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் வேப்பிலை மாலை கட்டினேன். புளியந்தோப்புக்குப் போக வேண்டிய மாடுகள் ஆடி மாதத்துக் கூழுக்குக் கிளம்பியவை மாதிரி நின்றன. யாரும் கிட்டே வரக் கூடாது என்று வழியில் போகிற வருகிறவர்களையெல்லாம் கையை ஆட்டி விரட்டினேன். இறால் கூடையோடு போன காத்திவாக்கத்துப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னா நைனா, அத்தினி மாட்டுக்கும் ஒரே மேடையில கல்யாணமா?” என்றாள் ஒருத்தி.

அவளையும் கையை ஆட்டி விரட்டினேன். அவர்கள் என் வீட்டுக்காரியிடம் போய் நின்றார்கள். வெகு நேரம் பேசினார்கள். நடுவில் எல்லோரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கஷ்டத்தைக் கண்டு பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கஞ்சியும் கீரையும் வைத்தாள்.

“இன்னா கீரை?”

“கீரைதான். துன்னு.”

வாயில் வைத்ததும் நாக்கு சுருண்டது. கோபம் வந்தால் உப்பை இரண்டு தரம் போடுவது அவள் பழக்கம். அதனால் எதற்கு வம்பு என்று தின்று முடித்தேன். அப்புறம் பிடித்தது தாகம். ஒரு செம்பு, இன்னொரு செம்பு, கடைசியில் பானையையே தூக்கிக்கொண்டேன். வெயில் தாழ்வதற்குள் பட்டிக்குப் பின்னால் இருந்த புதருக்கு ஓட ஆரம்பித்தேன். எத்தனை தரம் ஓடினேன் என்பது புதருக்குத்தான் தெரியும். கடைசியாகத் திரும்பி வந்தபோது கண் உள்ளே போயிருந்தது. தலை தானாகத் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சிவப்பு மாடு ஒன்று அச்சாக அதே மாதிரி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“வெக்கை என்னையும் புடிச்சிகிச்சும்மே,” என்றேன். “உன் தம்பிக்குச் சொல்லி அனுப்பு. எனக்கு அப்புறம் அவன்தான் உன்னைப் பாத்துக்கணும்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதம் அப்படி இல்லை.

“உனுக்கும் ஒரு வேப்பல மாலை கட்டவா?”

“சாவுற நேரத்துல இன்னா நக்கலு?”

“யோவ், நீ துன்னது உமரி. காத்திவாக்கத்துக்காரங்க அத்த ரெண்டு வாட்டி வேக வச்சித் தண்ணியக் கொட்டிட்டுத்தான் துன்னுவாங்களாம். நேத்து சொன்னாங்க. நான் ஒரு வாட்டிகூடக் கொட்டல.”

“ஏன்?”

“மாட்டுக்கு யாரு கொட்டினது?”

சிவப்பு மாட்டைப் பார்த்தேன். அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“அத்த என்னாண்ட வாயால சொல்லிருக்கலாமே.”

“உப்புக் கரிக்குதுன்னு மொத நாளே சொன்னேன். கேட்டியா? இப்பக் கேட்டிச்சி பாரு.”

அவளே ஆள் அனுப்பித் தம்பியை வரவழைத்தாள். அவன் வந்து, என் முகத்தை நிதானமாகப் பார்த்து, “இன்னா மாமா, கலீஜ் புல்லா வோணும்?” என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். “காது கேக்கல,” என்றான். வோணும் என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

விடிந்ததும் மந்தையைக் கழிமுகத்துப் பக்கமே விடாமல் பேசின் பிரிட்ஜுக்கு ஓட்டிப் போனோம். இஞ்சினுக்கு விடும்போது வழிகிற நல்ல தண்ணீர் யார்டுக்கு வெளியே ஒரு பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. மாடுகள் அதைக் குடித்தன. கொடுங்கையூர்ப் புல்லும் வண்டியில் வந்து சேர்ந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன், மாடுகள் பிடித்துக்கொள்ளவில்லை. நல்ல வேளையாக பாய்க்கு வேறு சோலி வந்து, அந்த வியாழக்கிழமை வரவில்லை.

மாடுகளுக்கு வந்தது வெக்கை இல்லை, உப்பு. கழிச்சல் இரண்டு மூன்று நாளில் நின்றது, மந்தையைப் பட்டிக்கே திருப்பி ஓட்டி வந்தோம். ஒரு கிழட்டு வெள்ளை எருது மட்டும் செத்துப்போனது. சந்தையிலிருந்து வரும்போதே அது தள்ளாடிக்கொண்டுதான் நடந்தது. அடுத்த வியாழக்கிழமை பாய் வந்தார். ஒவ்வொரு முதுகையும் அழுத்திப் பார்த்தார், கறி கம்மி என்றார், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.