கொலுவில் ஒரு சீமை மதுக்கடை

இங்கிலாந்துக் கிராமத்து மதுக்கடை ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது ஆவடியில், எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில், அம்மாவின் கொலுப்படிக்குப் பக்கத்தில். இன்று கட்டடக்கலை படிக்கிறேன். அதைவிட அழகான மாதிரியை எங்கள் வகுப்பில் இன்னும் யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

செய்தது மாமா, அம்மாவின் தம்பி. குடியை விட்ட கையோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மறுபடி தொட்டால் அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அம்மாதான் பொறுப்பேற்றிருந்தாள்.

கொலுவுக்கு ஒரு கிராமம் வைக்கலாம் என்று அம்மா சொன்னதுதான் தாமதம், சலூனில் கிடந்த பழைய காலண்டர் படம் ஒன்றை மாமா கொண்டுவந்துவிட்டார். என்ன கட்டடம் அது! தேங்காய் நாரில் கூரை வேய்ந்தார். ஜன்னல்களுக்கு மேல் அது புருவம்போல வளைந்து இறங்கியது. ஐஸ் குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்து, கறுப்படித்து, சட்டங்களாக்கினார். இடையில் வெள்ளைச் சுவர். மாடி மட்டும் கீழ்த்தளத்தைத் தாண்டி வந்து தெருவை எட்டிப் பார்த்தது!

"இன்னா மாமா, சட்டமெல்லாம் கோணலா கீது?"

"வெள்ளக்காரன் மரம் வளைஞ்ச மாதிரியே வுட்டு கட்டிகீறான் பாப்பா. அதான் இன்னும் நின்னுகினு கீது."

மாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, காலண்டரின் அடியிலிருந்த ஆங்கிலத்தைப் படித்தார். முகம் மாறியது.

"சாமி பக்கத்துல சாராயக்கடையா? இவன் புத்தி எங்க போவுது பாத்தியா?"

"பாக்க அழகா இருந்துச்சு, அதான்..." என்று மாமா அதைத் தூக்கக் குனிந்தார்.

அம்மா நேராகக் கொலுப்படிக்குப் போனாள். யாரையும் தொடவிடாத செட்டியார் பொம்மையைப் படியிலிருந்து எடுத்துவந்து கடை வாசலில் உட்கார வைத்தாள். முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் குவித்தாள்.

"இப்ப மளிகைக்கடை. அப்டியே இருக்கட்டும்."

சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "செட்டியாரு எப்போ சீமைக்குப் போயி கட போட்டாரு?"

"எந்தம்பி கட்டிக் குடுத்தான்" என்றாள் அம்மா, அப்பா காதில் விழும்படி. மாமா குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கோ ஒரே எரிச்சல். செட்டியாரின் தலை மாடி ஜன்னலை இடித்தது, அளவே பொருந்தவில்லை. கொஞ்சம் ஓரமாக நகர்த்தச் சொல்லி நச்சரித்துப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. கொலு கலைக்கிறவரை செட்டியார் அந்த வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அளவு பார்க்கத் தெரியவில்லை என்றுதான் அன்று நான் நினைத்தேன்.