இரும்புக் குழாயில் சுற்றிய செம்புக் கம்பி

செம்புக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாடுகளைக் கரும்பலகையில் நடுக்கோடு போட்டு எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார் நான். செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் கம்பியாகும். இரும்பு உறுதியானது, ஆனால் துருப்பிடிக்கும். உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் இரும்புதான் முதலில் அரித்துப்போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். கடற்காற்றில் ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கொப்பளித்து உரியும். செம்புக் குடம் கறுக்கும், அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

போன மழைக்காலத்தில் என் மனைவி வந்து சொன்னாள்: "இன்னாங்க, வாஷிங் மிஷின தொட்டா சுர்ருனு இழுக்குது."

போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "தொட்டுகினுதானே கீறேன்? எல்லாம் உன் பிரமை" என்றேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் தொட்டுக் காட்டினேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று துணி எடுக்க ஆரம்பித்தாள். "இன்னா, மேடை ஏறிட்டியா?" என்று கிண்டல் வேறு செய்தேன். எனக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான். அவளோ ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவள். இது என் மண்டைக்கு எட்டவேயில்லை.

பொங்கல் முடிந்த வாரம், குளித்துவிட்டு வெறுங்காலோடு வந்தவன் துண்டை எடுக்க மிஷினில் கை வைத்தேன். தோள்வரை தூக்கி அடித்தது. நான் போட்ட சத்தத்தில் அவள் ஓடிவந்து மெயினை அணைத்தாள். துளிகூடச் சந்தேகப்படவில்லை. "ரொம்ப வலிக்குதா?" என்று என் கையைத் தேய்த்துவிட்டாள். அப்படி ஒரு வார்த்தை நான் அவளிடம் கேட்டதே இல்லை. வெட்கத்தில் கையை உருவிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எர்த்துக்காகப் புதைத்திருந்த இரும்புக் குழாய், செம்புக் கம்பி சுற்றிய இடத்தில், தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. கம்பி எதையும் பிடிக்காமல் தொங்கியது. மிஷினில் கசிந்த மின்சாரம், அவள் பலகை போடும்வரை, அவள் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்குப் போயிருக்கிறது. வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு எழுதிப்போடும் விஷயம். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நினைக்கவே கேவலமாக இருந்தது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து குழாயைப் பார்த்தார். "எத்தினி நாளா சார் இப்பிடி ஷாக் அடிக்குது?"

"இன்னிக்குதான்" என்றேன்.

வாத்தியார் என்று ஊரில் இருக்கும் பெயர் போய்விடுமாம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், என் மனைவி காபியோடு பின்னால் நின்றிருந்தாள். எலக்ட்ரீஷியன் நம்பாமல் அவளைப் பார்த்தார்.

"ஆமாண்ணா, இன்னிக்குதான்" என்றாள் அவள், டம்ளரை அவரிடம் நீட்டியபடி.